விலா இரண்டும் வழுக்கையான பெண் கினி பிக்: தோல் நோயா, சினைப்பைக் கட்டியா?

கேள்வி இது. கீழக்கரையில் ஒரு வீட்டில் இரண்டு பெண் கினி பிக். மூத்ததற்கு மூன்று வயது. இரண்டு மாதமாக அதன் இரு விலாவிலும் ஒரே அளவில் முடி உதிர்கிறது, ஆனால் சொறிவதில்லை. முலைக்காம்பைச் சுற்றிப் பொருக்கு. அண்மையில் சின்னதைத் துரத்தித் துரத்தி ஏறுகிறது. வாங்கிய கடையில் 'பங்கஸ்' என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள், பலன் இல்லை. ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கொஞ்சமாகப் போட்டால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். போடலாமா?

போட வேண்டாம். களிம்பையும் நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி ஒவ்வொன்றும் தோலை விட்டுவிட்டுச் சினைப்பையைத்தான் காட்டுகிறது. ஸ்கேன் எடுக்க வழி பார்ப்பதுதான் முதல் வேலை. ஆனால் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு நாளை முடி கொட்டினால் காரணம் முற்றிலும் வேறாக இருக்கலாம். அதனால் மற்றக் காரணங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முடி உதிரும் கினி பிக்கைக் கையில் எடுத்தவுடன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அரிப்பு இருக்கிறதா, எந்த இடத்தில் உதிர்ந்திருக்கிறது, அடியில் இருக்கும் தோல் எப்படி இருக்கிறது. இந்த மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டால் காரணம் பெரும்பாலும் பாதி பிடிபட்டுவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் செதிலும் தெரியாது, பேனும் தெரியாது.

அதற்கு முன் இயல்பான வழுக்கைகளை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு காதுக்கும் பின்னால் காசு அளவில் முடியில்லாத இடம் எல்லாக் கினி பிக்கிலும் உண்டு. முன்னங்காலின் உட்புறத்தில் சிறு வழுக்கை இருக்கும். முலைக்காம்பைச் சுற்றி முடி இருக்காது. பின்புறத்தில், முதுகெலும்பு முடியும் இடத்தில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அங்கே முடி ஒட்டிப் பிசுபிசுப்பாக இருக்கும், ஆண்களில் இன்னும் அதிகம். இவற்றைப் பார்த்துப் பயந்து மருந்து தடவுகிறவர்கள் நிறைய.

பெண்தானா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கடைகளில் இதை மாற்றிச் சொல்வது சாதாரணம். பிறப்புறுப்பின் மேலே அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்தினால் ஆணுக்குக் குறி வெளியே வரும். பெண்ணுக்கு ஆங்கில ஒய் எழுத்து வடிவில் மடிப்பு தெரியும். ஆணாக இருந்தால் கீழே சினைப்பை பற்றிச் சொல்வதெல்லாம் பொருந்தாது.

சினைப்பைக் கட்டி

ஒன்றரை, இரண்டு வயதைத் தாண்டிய பெண் கினி பிக்குகளில் சினைப்பையில் நீர்க்கட்டி மிகப் பரவலாக உண்டாகிறது. வயது ஏற ஏறக் கட்டியும் பெருக்கும். குட்டி போட்டதா போடவில்லையா என்பதால் இதில் பெரிய வேறுபாடு இல்லை. 'ஜோடி சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்' என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். ஆறேழு மாதத்துக்குள் முதல் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் முன் இணைப்பு இறுகிப்போகும். மூன்று வயதில் முதல்முறை சினையானால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் சாக நேரலாம்.

கட்டி இரண்டு வகை. சினைப்பையோடு ஒட்டிய நுண்குழாய்களில் நீர் சேர்ந்து பெருப்பது ஒன்று, இதுதான் அதிகம். இது ஹார்மோன் சுரக்காது, இடத்தை அடைத்துக்கொண்டு குடலையும் வயிற்றையும் அழுத்தும். மற்றது, சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பையான முட்டைப்பையே வெடிக்காமல் பெருத்துக் கட்டியாவது. இது ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கும். முடி உதிர்வுக்கும் குணமாற்றத்துக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது. ஒரே பிராணியில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு, கருப்பையில் நோயும் கூட இருப்பதும் உண்டு.

அடையாளங்கள் இப்படி வரும். முடி இரு விலாவிலும் சமமாக மெலியத் தொடங்கும். பிறகு அடிவயிற்றுக்கும் பின்தொடைக்கும் இறங்கும். இடப்பக்கம் எவ்வளவோ வலப்பக்கமும் ஏறத்தாழ அவ்வளவு. அடியில் தோல் வழுவழுப்பாக, செதிலோ புண்ணோ இல்லாமல் இருக்கும். அரிப்பு இராது. முலைக்காம்பு பெருத்து, சுற்றிக் கறுத்த பொருக்கு கட்டும். ஈரத்துணியால் துடைத்தால் போகும், மூன்று நாளில் திரும்ப வரும். வயிறு மேலிருந்து பார்க்கும்போது பேரிக்காய் போலப் பின்னால் அகலும்.

குணமாற்றத்தை எடைபோட ஒரு கணக்கு இருக்கிறது. கினி பிக்குக்குச் சினைப்பருவம் 15 முதல் 17 நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு நாளில் உறுமிக்கொண்டு இடுப்பை ஆட்டி நடப்பதும், கூட இருக்கும் பெண் மேல் ஏறுவதும் இயல்பு. நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பதினாறு நாளுக்கொரு குறி விழுந்தால் கவலை இல்லை. வாரம் முழுக்கக் குறி விழுந்தால் ஹார்மோன் நிற்காமல் சுரக்கிறது என்று பொருள். உங்கள் மூத்ததன் துரத்தல் இந்த இரண்டாவது வகையா என்று பாருங்கள்.

எடையில் ஏமாற வாய்ப்பிருக்கிறது. கட்டியில் சேரும் நீரும் தராசில் ஏறும். எடை குறையாமல் இருந்தாலும் முதுகெலும்பு முள் கையில் தட்டுப்பட்டால், இடுப்பெலும்பு துருத்தினால், உடம்பு கரைகிறது, கட்டி வளர்கிறது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தீனிக்கு முன் நிறுத்து எழுதுங்கள். வளர்ந்த பெண் 700 முதல் 900 கிராம், சிலது ஒரு கிலோவைத் தாண்டும். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் தினமும் நிறுக்கத் தொடங்குங்கள். 100 கிராம் குறைந்தால் அன்றே மருத்துவரிடம்.

கட்டியைக் கையால் தேடிப் பார்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. சினைப்பை இருப்பது கடைசி விலா எலும்புக்குச் சற்றுப் பின்னால், முதுகுக்கு அடியில், சிறுநீரகத்தை ஒட்டி. இயல்பான சினைப்பை ஒரு சென்டிமீட்டர்கூட இராது. பழகாத விரலுக்குத் தட்டுப்படாது. தட்டுப்படும் அளவுக்குப் பெருத்தது மெல்லிய சுவருள்ள நீர்ப்பை. அழுத்தினால் உள்ளேயே உடையும். ஆகவே நீங்கள் வயிற்றைப் பிசைய வேண்டாம். இரு உள்ளங்கையையும் இரு பக்கமும் வைத்து ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் வந்தால் அதை 'மாதவிலக்கு' என்று விடாதீர்கள். கினி பிக்குக்கு அப்படி ஒன்று கிடையாது. ரத்தம் கருப்பையிலிருந்து வரலாம், சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து வரலாம், இரண்டுமே அவசரம்.

சினையோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. ஆண் அருகில் இருந்திருந்தால் இதை முதலில் யோசியுங்கள். சினைக்காலம் 59 முதல் 72 நாள். கடைசி வாரங்களில் விலாவில் முடி மெலிவது சினையிலும் நடக்கும். குட்டி போட்டுப் பால் மறந்த பின் தானே முளைத்துவிடும். இரண்டரை மாதத்துக்கு மேல் ஆணே அருகில் இல்லாமல் வயிறு பெருத்துக்கொண்டே போனால் சினைக்கு இடமில்லை.

அரிக்கிறது என்றால் கதை வேறு

கினி பிக் நாள் முழுதும் சொறிந்துகொண்டு, தோள், முதுகு, உள்தொடையில் முடி கொட்டி, தோல் தடித்து மஞ்சள் செதிலாகக் கிளம்பினால் அது சொறி உண்ணி. தோலுக்குள் துளை போட்டு வாழும் டிரிக்சக்காரஸ். இந்த அரிப்பு சாதாரணமானது அல்ல. முதுகைத் தொட்டவுடன் உடம்பை வளைத்து விழுந்து வலிப்பு வந்தது போலத் துடிக்கும். வலிப்பு என்று நினைத்துச் சிலர் மூளை நோய்க்கு மருந்து தேடுகிறார்கள். காரணம் தோலில் இருக்கிறது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்ணி சில நேரம் சிக்காது. சிக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. அறிகுறி பொருந்தினால் மருத்துவர்கள் சிகிச்சை தொடங்கிவிடுவார்கள். தூக்கி வைத்திருந்தவர்களின் கையிலும் சில நாள் அரிப்புத் தடிப்பு வரலாம். பிராணிக்குக் குணமானால் இதுவும் போகும்.

முடியோடு ஒட்டி வாழும் இன்னொரு உண்ணி பின்புறத்தில் இருக்கும். அரிப்பு குறைவு, முடியின் மேல் மிளகுத்தூள் தூவியது போலத் தெரியும். பேன் காதின் பின்னும் கழுத்திலும் வெளிறிய நிறத்தில் நகர்வது கண்ணுக்கே தெரியும், ஈர் முடியில் ஒட்டியிருக்கும். செல்லோ டேப்பை முடியின் மேல் அழுத்தி எடுத்து கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொண்டுபோனால் எந்தக் கால்நடை மருந்தகத்திலும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இவற்றுக்கு ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். ஆபத்து அளவில் இருக்கிறது. ஆட்டு ஊசி ஒரு மி.லி.யில் 10 மி.கி. கொண்டது, 50 கிலோவுக்கு 1 மி.லி. என்று போட்டுப் பழகிய கைகள் நம் பக்கத்தில் அதிகம். கினி பிக்குக்குப் பொதுவான அளவு கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மி.கி. 900 கிராம் எடைக்கு அதிகபட்ச அளவில் கணக்கிட்டாலும் 0.36 மி.கி., அதாவது 0.036 மி.லி.; ஒரு சொட்டுக்கும் குறைவு. 'கொஞ்சமாக' என்று கண்மதிப்பில் 0.2 மி.லி. போட்டாலே ஐந்து மடங்குக்கு மேல். இன்சுலின் ஊசியால் அளக்கலாம் என்பவர்களும் தடுக்கிவிழுவது உண்டு: மருந்துக்கடையில் யூ-40, யூ-100 என இரு வகை கிடைக்கும். யூ-100 ஊசியில் 3.6 யூனிட் என்பது சரியான அளவு, அதே 3.6 யூனிட்டை யூ-40 ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். மருத்துவரே புரோபிலீன் கிளைகாலில் பத்து மடங்கு நீர்த்துக் கொடுத்தால் 0.36 மி.லி. என்று நிதானமாக அளக்கலாம். குளோர்சுலான் கலந்த மாட்டு மருந்து வாங்கிவிடாதீர்கள். முட்டைகளை மருந்து கொல்லாது. அதனால் ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போட வேண்டும். ஒரு முறை போட்டு அரிப்பு குறைந்தது என்று விடுகிறவர்களுக்குத்தான் மறுமாதம் திரும்ப வருகிறது. உடனிருக்கும் எல்லாவற்றுக்கும் அதே நாளில் போட வேண்டும். விரிப்பை அகற்றி, மரக் குடிலைத் தூக்கி எறிய வேண்டும், அல்லது வெந்நீர் ஊற்றிக் கழுவி நல்ல வெயிலில் காயவிட வேண்டும்.

கழுத்தில் விடும் செலமெக்டின் சொட்டு மருந்து கிடைத்தால் அதுவே எளிது. கிலோவுக்கு 15 மி.கி. என்பது பொதுவான அளவு. நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்ப்ரே, அமிட்ராஸ் கரைசல், ஆட்டுச் சொறிக்கு வீட்டில் தடவும் மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். இந்தப் பிராணி உடம்பு முழுவதையும் நக்கும். தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

படர்தாமரை

கடைக்காரர் சொன்ன 'பங்கஸ்' இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடற்கரையில் இது உண்மையிலேயே அதிகம். கடல் காற்றின் ஈரத்தோடு மழை ஈரமும் சேர்ந்து விரிப்பு காயாமல் கிடக்கும். ஆனால் பூஞ்சை தொடங்கும் இடம் பெரும்பாலும் முகம்: மூக்குத் தண்டு, கண்ணைச் சுற்றி, காது. அங்கிருந்து முதுகுக்குப் போகும். வட்டமாகவோ ஒழுங்கில்லாமலோ வழுக்கை, ஓரம் சிவந்து, சாம்பல் நிறப் பொருக்கு. முடி அடியோடு ஒடிந்திருக்கும். குட்டிகளுக்கும், புதிதாக வாங்கி வந்தவற்றுக்கும், சத்துக் குறைந்தவற்றுக்கும்தான் அதிகம். விலா இரண்டிலும் சமமாக, சுத்தமான தோலோடு பூஞ்சை வந்து உட்காராது.

மனிதருக்கு ஒட்டும். வீட்டில் பிள்ளைகளின் கை, கழுத்தில் வட்டத் தடிப்பு வந்திருந்தால் அது பெரிய தடயம். உறுதி செய்யப் பொருக்கையும் முடியையும் எடுத்து வளர்ப்புச் சோதனைக்குத் தர வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரவில்லை என்பதால் பூஞ்சை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கினி பிக்குக்கு வரும் டிரைக்கோபைட்டான் அந்த விளக்கில் ஒளிராது.

நீங்கள் தடவிய களிம்பின் பெயரைப் பாருங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் படர்தாமரைக்கு என்று கேட்டால் கிடைப்பவற்றில் பல, பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாளில் சிவப்பு அடங்கியதுபோல் தெரியும். அடியில் பூஞ்சை பரவும், தோல் மெலியும், நக்கி உள்ளே போன ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பையே குறைக்கும். தடவித்தான் ஆக வேண்டும் என்றால் குளோட்ரிமசால் அல்லது மைக்கோனசால் தனியாக இருப்பது, அதுவும் மெல்லிய பூச்சாக. பரவலாக இருந்தால் வாய்வழி இட்ராகோனசால் மருத்துவர் எடைபார்த்துத் தருவார். வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

தின்பதாலும், தின்னாததாலும்

முடி உதிரவில்லை, கடித்துக் குட்டையாக்கப்பட்டிருக்கிறது என்பதும் நடக்கும். விரலை எதிர்த்திசையில் ஓட்டினால் சொரசொரப்பாகக் கட்டை முடி தட்டும்; தோல் நலமாக இருக்கும். தலையிலும் கழுத்திலும் இருந்தால் அது கூட இருப்பது செய்த வேலை, தன் வாய் அங்கே எட்டாது. விலாவிலும் முன்காலிலும் இருந்தால் தானே கடித்ததாக இருக்கலாம். உலர்புல் போதாமல் மெல்ல எதுவும் இல்லாததுதான் முக்கியக் காரணம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடித்தால், குறிப்பாக அடிவயிற்றை, உள்ளே வலி இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். சிறுநீர்ப்பைக் கல்லும் கட்டியும் அப்படிக் கடிக்க வைக்கும்.

இங்கே வைக்கோல்தான் எளிதில் கிடைக்கிறது. அது உலர்புல்லுக்கு ஈடாகாது, சத்து மிகக் குறைவு. அருகம்புல்லைக் கழுவி நிழலில் உலர்த்திக் கொடுப்பது எளிது. கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டபின் வேண்டாம், அதன் முள் முடியிலும் வாயிலும் குத்தி நிற்கும். முருங்கைக் கீரையும் அகத்தியும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. கல் உண்டாகும் பிராணிக்கு அவற்றை வாரத்தில் ஒரு நாள், ஒரு கிள்ளு என்று வைத்துக்கொள்ளுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரை வைக்காமல் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள்.

வைட்டமின் சி குறைந்தால் முடி சொரசொரத்து ஒழுங்கில்லாமல் உதிரும். மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும், ஈறில் ரத்தம் கசியும். கினி பிக் இதைத் தானே உடம்பில் தயாரிக்காது. கிலோவுக்குத் தினம் 10 மி.கி., சினையாகவோ நோயாகவோ இருந்தால் 30 மி.கி. அல்லது அதற்கு மேல் தேவை. முயல் தீனியில் இது சேர்க்கப்படுவதில்லை, முயலுக்கு வெளியிலிருந்து வேண்டியதில்லை என்பதால். இங்கே கினி பிக்குக்கு என்று விற்பதே பல இடங்களில் முயல் தீனிதான். கினி பிக் தீனியிலும் தயாரித்து மூன்று மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். நம் வெக்கையிலும் ஈரத்திலும் இன்னும் விரைவாக. ஒரு நாளைக்கு 20, 25 கிராம் குடைமிளகாய் அல்லது விதை நீக்கிய 10 கிராம் கொய்யா தேவையை ஏறத்தாழ நிரப்பும். தண்ணீரில் கலக்கும் சொட்டு வேண்டாம். வெளிச்சத்திலும் உலோகக் குழாயிலும் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், சுவை பிடிக்காமல் தண்ணீரையே குடிக்காமல் விடுவதும் உண்டு.

அடிவயிறும் பின்கால் இடுக்கும் நனைந்து சிவந்து முடி போனால் சிறுநீர்தான் காரணம். தைராய்டு மிகையும் அட்ரீனல் கோளாறும் இரு பக்கமும் ஒரே மாதிரி முடியைக் கொட்டவைக்கும், ஆனால் அரிது. நன்றாகத் தின்று கொண்டே எடை குறைந்தால் தைராய்டைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவரிடம்

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், ராமேசுவரம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் பெரும்பாலும் ஆடு, மாடு, கோழிதான் வரும். அங்கே தோல் சுரண்டல், டேப் சோதனை, எடைக்கேற்ற உண்ணி மருந்து ஆகியவை நடக்கும். கட்டிக்கு அல்ட்ராசவுண்டு வேண்டும். எக்ஸ்ரேயில் வயிற்றில் ஏதோ திரண்டிருப்பது தெரியும், நீரா சதையா என்று தெரியாது. மதுரையில் தனியார் சிறுபிராணி மருத்துவமனைகளில் கேட்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகுமுன் தொலைபேசியில் முயல், கினி பிக் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணம் விடிகாலை ரயிலிலோ ஏசி காரிலோ. 28 டிகிரிக்கு மேல் கினி பிக் திணறத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் மதியப் பேருந்தில் கொண்டுபோவது கட்டியைவிட ஆபத்து. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள், தண்ணீருக்கு வெள்ளரி, வழியெல்லாம் தின்னப் புல். துணையையும் கூடவே கொண்டுபோனால் பதற்றம் குறையும். எடைக் குறிப்பு, நாட்காட்டி, உறுமலையும் ஏறுவதையும் எடுத்த வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும். மருத்துவர் முன்னால் அது கல்லாக உறைந்து உட்கார்ந்திருக்கும்.

கட்டி என்று உறுதியானால் வழிகள் மூன்று. ஹார்மோன் ஊசி முதலாவது: ஜி.என்.ஆர்.எச். வகை 25 மைக்ரோகிராம், இரண்டு வாரம் விட்டு இன்னொன்று, அல்லது எச்.சி.ஜி. 1000 யூனிட், ஒரு வாரம், பத்து நாள் விட்டு இன்னொன்று. மாட்டின் சினைப்பைக் கட்டிக்கு ஜி.என்.ஆர்.எச். போட்டுப் பலன் கண்ட மருத்துவர் இதை நம்பிக்கையோடு சொல்வார். மாட்டுக்கு வருவது முட்டைப்பைக் கட்டி, அதற்கு இது கேட்கும். கினி பிக்கில் அதிகமான நுண்குழாய்க் கட்டிக்குக் கேட்காது. முடி திரும்பி முளைத்தும் வயிறு வற்றாமல் இருப்பது அதனால்தான். இரண்டாவது, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் நீரை எடுப்பது. மூச்சுத் திணறும் அளவுக்குப் பெருத்திருந்தால் உடனடி நிவாரணம், ஆனால் வாரங்களில் திரும்ப நிறையும். மூன்றாவது, சினைப்பையை எடுத்துவிடும் அறுவை. மூன்று வயதில், நன்றாகத் தின்னும் பிராணிக்கு, தக்க மருத்துவர் கிடைத்தால் நான் இதைத்தான் சொல்வேன். கருப்பையில் நோய் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடலாம். ஐந்தாறு வயதாகி, இளைத்து, கட்டி சிறிதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று கவனித்து வருவதும் சரியான முடிவே. அறிகுறியே இல்லாத சின்னக் கட்டிக்கு அவசரப்பட வேண்டாம்.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளுமுன் இரண்டு கேள்வி. முதலாவது, முந்தின இரவிலிருந்து பட்டினி போட வேண்டுமா? ஆமாம் என்றால் அது நாய் பூனைக்கான விதி. கினி பிக் வாந்தி எடுக்காது. பட்டினி கிடந்தால் குடல் நின்றுவிடும், அதிலேயே சாகும். அடுத்தது, எந்த ஆன்டிபயாட்டிக்? வாய்வழி பெனிசிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் எதுவும் கூடாது. குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் வயிற்றுப்போக்கில் போய்விடும். என்ரோபிளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்பா போன்றவை பயன்படுகின்றன. மயக்கம் ஐசோபுளூரேன் வாயுவில் என்றால் நல்லது.

வீட்டுக்கு வந்த அன்றே அது தின்ன வேண்டும். தானாகத் தின்னாவிட்டால் தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 முதல் 80 மி.லி. வரை, நான்கைந்து தடவையாகப் பிரித்து. புழுக்கை எண்ணிக்கை குறைந்தால் அல்லது சிறுத்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். விரிப்புக்கு மணலோ மரத்தூளோ கூடாது, தையலில் ஒட்டும். பழைய பருத்தி வேட்டித் துணியை மடித்துப் போட்டுத் தினம் இருமுறை மாற்றுங்கள். வலி மருந்தை மருத்துவர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுங்கள். வலியில் இருக்கும் கினி பிக் முனகாது, தின்னாமல் மூலையில் உட்காரும், அவ்வளவுதான். விலாவில் முடி சில வாரத்தில் பஞ்சு போலத் தலைகாட்டும், முழுதாக மூட இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சின்னதைத் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை; கட்டி ஒட்டாது. ஓயாமல் துரத்துவதால் அது தின்ன முடியாமல் இருந்தால் மட்டும் நடுவில் கம்பித் தடுப்பு வைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி விடுங்கள். அதற்கும் இன்றே எடை போட்டு, காது, மூக்கு, முதுகை வெளிச்சத்தில் பார்த்து, தேதியோடு எழுதிவைத்துவிடுங்கள்.